மூழ்கினானா, மூழ்கிக்கொண்டிருந்தானா: ஆங்கிலத்தின் இரண்டு இறந்தகாலங்கள்

கேள்வி: 4 மார்ச் 2024

சீக்கிரம் முடிந்துவிடும் செயலுக்குச் சிம்பிள் பாஸ்ட், நீண்ட நேரம் நடக்கும் செயலுக்குப் பாஸ்ட் கண்டினியூஸ் என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். மாதிரித் தேர்வில் ‘தஞ்சாவூரில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தேன்’ என்பதற்கு ‘ஐ வாஸ் லிவிங்’ என்று குறித்தேன். ‘ஐ லிவ்டு’ என்பதே சரி என்று மதிப்பெண் போய்விட்டது. முப்பது ஆண்டுகள் நீண்ட காலம் இல்லையா? விதி தவறா, விடைத்தாள் தவறா?

4 மார்ச் 2024, இரவு

விடைத்தாள் சரி, விதி தவறு. செயல் எத்தனை நேரம் நீடித்தது என்பதற்கும் எந்த வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கும் தொடர்பே கிடையாது. விக்டோரியா அரசி 1837 முதல் 1901 வரை 63 ஆண்டுகள் ஆண்டார். அதை ஆங்கிலத்தில் எழுதுபவர் ‘ஷீ ரெயின்டு’ என்றுதான் எழுதுவார். தாழ்ப்பாளை நீக்கிக் கதவைத் திறக்க இரண்டு நொடி போதும். ஆனால் தாழ்ப்பாளில் கை இருக்கும்போதே தொலைபேசி ஒலித்தால் ‘ஐ வாஸ் ஓபனிங் த டோர் வென் த ஃபோன் ராங்’ என்றுதான் சொல்ல வேண்டும். 63 ஆண்டுகள் அங்கேயும் இரண்டு நொடி இங்கேயும் போய் உட்காருகின்றன என்றால் கடிகாரம் இதைத் தீர்மானிக்கவில்லை என்பது தெளிவு.

தீர்மானிப்பது சொல்பவர் நிற்கும் இடம். செயல் முடிந்த பிறகு வெளியே நின்று, தொடக்கத்தையும் முடிவையும் சேர்த்து ஒரே பொருளாகப் பார்த்தால் சிம்பிள் பாஸ்ட். செயல் நடக்கும் இடத்துக்குள் போய் நின்று, தொடக்கம் முதுகுக்குப் பின்னாலும் முடிவு இன்னும் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கப் பார்த்தால் பாஸ்ட் கண்டினியூஸ். உங்கள் வாக்கியத்தில் ‘முப்பது ஆண்டுகள்’ என்று அளந்து சொல்லிவிட்டீர்கள். ஒன்றின் இரண்டு முனைகளையும் பார்த்தவர்தான் அதை அளக்க முடியும்.

5 மார்ச் 2024

நேற்று எழுதியதை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் கற்கவில்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவைச் சாலையில் பேருந்து இடித்தது. இடது கால் முறிந்தது. காப்பீட்டு நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் விளக்கக் கடிதம் எழுதும் பொறுப்பு வீட்டில் கல்லூரி வரை படித்திருந்த எனக்கு வந்தது. ‘அம்மா சாலையைக் கடந்தபோது பேருந்து மோதியது’ என்று மனத்தில் தமிழில் அமைத்துக்கொண்டு, ‘மை மதர் கிராஸ்டு த ரோடு வென் த பஸ் ஹிட் ஹெர்’ என்று எழுதினேன். ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் சரிபார்த்த கடிதம் அது.

மூன்று வாரம் கழித்து அந்த நிறுவனத்திலிருந்து கேள்வி வந்தது. விபத்து நடந்தபோது உங்கள் தாயார் சாலையைக் கடந்து முடித்திருந்தாரா, அப்படியானால் மோதல் எதிர்ப்புற நடைபாதையில் நடந்ததா, காவல்துறை வரைபடத்தில் சாலையின் நடுவில் குறி இருக்கிறதே என்று கேட்டிருந்தார்கள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பணம் தராமல் இருப்பதற்கு இப்படியெல்லாம் வழி கண்டுபிடிக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு எங்கள் தெருவில் இருந்த ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவரிடம் கடிதத்தைக் காட்டியபோது, அவர் ‘கிராஸ்டு’ என்ற சொல்லில் விரலை வைத்து, “தம்பி, உன் அம்மாவை நீயே அந்தக் கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாயே” என்றார். ‘வாஸ் கிராஸிங்’ என்று எழுதியிருந்தால் அம்மா சாலையின் நடுவில் இருந்திருப்பார், உண்மையில் இருந்ததைப்போல. அந்த ஒரு சொல்லைத் திருத்தி, விளக்கம் சேர்த்து மறுபடி அனுப்பி, கோப்பு நகர இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் மருத்துவமனைக் கடனுக்கு வட்டி ஓடியது.

5 மார்ச் 2024, பின்னிரவு

கடிதத்தை எழுதியபோது நான் தடுமாறியதற்கு நம் மொழியின் வழக்கும் ஒரு காரணம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். தமிழில் ‘கடந்தபோது’ என்பது இறந்தகாலப் பெயரெச்சத்தின் மேல் ‘போது’ சேர்ந்த வடிவம். ஆனால் கடந்து முடித்தார் என்று அது அடித்துச் சொல்வதில்லை. கடக்கும் வேளையில் என்ற பொருளிலும் நாம் அதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம், கேட்பவரும் சூழலை வைத்துச் சரியாகப் புரிந்துகொள்கிறார். ஆங்கிலத்தின் ‘கிராஸ்டு’ அந்த இடத்தை விட்டுக்கொடுக்காது.

‘கடக்கும்போது’ என்று இன்னொரு வடிவம் நம்மிடம் இருக்கிறது. நடந்து முடிந்த நிகழ்ச்சியைச் சொல்லும்போதும் ‘அம்மா சாலையைக் கடக்கும்போது பேருந்து மோதியது’ என்று உறுத்தலே இல்லாமல் சொல்கிறோம். இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. நீங்கள் சொல்ல நினைக்கும் செயலை ‘-உம்போது’ என்று மாற்றிப் பாருங்கள். பொருள் மாறாமல் நின்றால் ஆங்கிலத்தில் ‘வாஸ்’ அல்லது ‘வேர்’ போட்டு ‘இங்’ சேர்க்கலாம். ‘நான் வரும்போது மழை பெய்தது’ என்றால் வழியில் நனைந்தேன்: ‘ஐ வாஸ் கம்மிங்’. ‘நான் வந்து சேர்ந்தபோது மழை பெய்தது’ என்பதை ‘சேரும்போது’ என்று மாற்றினால் படம் மங்கிவிடுகிறது: அங்கே ‘ஐ ரீச்டு’ போதும்.

7 மார்ச் 2024

‘வென் வந்தால் சிம்பிள் பாஸ்ட், வைல் வந்தால் கண்டினியூஸ் என்று மனப்பாடம் செய்தால் போதாதா’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போதாது. கீழே உள்ள இரண்டு வாக்கியங்களிலும் ‘வென்’ தான் இருக்கிறது.

‘வென் த கெஸ்ட்ஸ் கேம், வீ மேட் காஃபி.’

‘வென் த கெஸ்ட்ஸ் கேம், வீ வேர் மேக்கிங் காஃபி.’

முதல் வீட்டில் விருந்தினர் வந்தார்கள், அதற்குப் பிறகு அடுப்பு பற்றவைக்கப்பட்டது. இரண்டாவது வீட்டில் அவர்கள் படியேறும்போதே டிகாக்ஷன் மணம் வாசல்வரை வந்துவிட்டது. இணைப்புச் சொல்லைப் பார்த்து வினையைத் தேர்ந்தெடுப்பவர் இந்த இரண்டு வீடுகளையும் ஒன்றாக்கிவிடுவார். ‘வைல்’ பின்னாலும் சிம்பிள் பாஸ்ட் வரும்: ‘வைல் ஷீ குக்டு, ஐ க்ளீன்டு த ஹவுஸ்’ என்பது குறையில்லாத ஆங்கிலம்.

டேனிஷ் மொழியியலர் ஓட்டோ யெஸ்பர்சன் கண்டினியூஸ் வடிவத்தை ஒரு சட்டகமாக விளக்கினார்: நடந்துகொண்டிருக்கும் செயல் சட்டகம், நடுவில் நிகழ்வது அதற்குள் வரும் படம். காப்பி போட்டுக்கொண்டிருந்தது சட்டகம், விருந்தினர் வந்தது படம். எனக்கு இதுவரை கிடைத்த விளக்கங்களில் தமிழர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எளிதானது இதுதான்.

8 மார்ச் 2024

4-ஆம் தேதிக் குறிப்பில் இரண்டு திருத்தங்கள் தேவை.

முதலாவது, முடிவு கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால்தான் கண்டினியூஸ் என்று எழுதினேன். ‘இட் வாஸ் ரெயினிங் ஆல் டே எஸ்டர்டே’ என்ற வாக்கியத்தை ஒருவர் எடுத்துக்காட்டியிருக்கிறார். நேற்று முழுவதும் பெய்த மழை முடிந்துவிட்டது, நமக்கும் அது தெரியும். ஆனாலும் வாக்கியம் சரி. ‘இட் ரெயின்டு ஆல் டே’ என்பதும் சரி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, அடுத்து என்ன சொல்லப்போகிறோம் என்பதில் இருக்கிறது. ‘இட் ரெயின்டு’ என்பவர் மழையைச் செய்தியாகச் சொல்லி முடித்துவிட்டார். ‘இட் வாஸ் ரெயினிங்’ என்பவர் மழையை விரித்து வைத்துவிட்டு, அதன்மேல் இன்னொன்றை வைக்கப்போகிறார்: துணி காயவில்லை, பேருந்து வரவில்லை, ஏதோ ஒன்று. ஆகவே முடிவு தெரியாமல் இருப்பது கட்டாயம் இல்லை. முடிவைப் பேச்சில் கொண்டுவராமல் இருப்பதுதான் கட்டாயம்.

இரண்டாவது, காலத்தின் அளவுக்குத் தொடர்பே கிடையாது என்று எழுதியதும் சற்று மிகை. எவ்வளவு காலம் என்பது பொருட்டில்லை. தற்காலிகமா என்பது பொருட்டு. ‘ஐ வாஸ் லிவிங் இன் தஞ்சாவூர் வென் ஐ மெட் ஹிம்’ என்றால் அந்தச் சமயத்தில் தஞ்சாவூரில் இருந்தேன், அது என் நிலையான ஊர் என்று சொல்லவில்லை. கல்லூரிக் காலத்தில் அறை எடுத்துத் தங்கியதைச் சொல்ல இதுவே பொருத்தம். முப்பது ஆண்டுகளை அளந்து சொல்லும் உங்கள் வாக்கியத்துக்கு அப்போதும் ‘லிவ்டு’ தான்.

10 மார்ச் 2024

எண்ணிக்கை வந்தால் கண்டினியூஸ் விலகிக்கொள்ளும். ‘மூன்று முறை அழைத்தேன்’: ‘ஐ கால்டு த்ரீ டைம்ஸ்’. ‘ஐந்து கிலோமீட்டர் ஓடினேன்’: ‘ஐ ரேன்’. அலுவலக மின்னஞ்சல்களில் ‘ஐ வாஸ் காலிங் யூ த்ரீ டைம்ஸ்’ என்பதை வாரத்துக்கு ஒன்றாவது பார்க்கிறேன். எண்ணி முடித்ததை உள்ளே நின்று பார்க்க முடியாது.

10 மார்ச் 2024, சற்றுப் பின்

இருமல், தட்டல், குதித்தல் போன்ற ஒரு நொடிச் செயல்கள் ‘இங்’ பெற்றால் திரும்பத் திரும்ப நடந்ததாகப் பொருள்படும். ‘ஹீ காஃப்டு’ என்றால் ஒரு முறை இருமினார் என்று கொள்ளலாம். ‘ஹீ வாஸ் காஃபிங்’ என்றால் விடாமல் இருமினார். மருத்துவரிடம் சொல்லும்போது இந்த வேறுபாடு பயன்படும்.

13 மார்ச் 2024

‘கொண்டிருந்தான் என்று தமிழில் வந்தால் கண்டினியூஸ், இல்லாவிட்டால் சிம்பிள் பாஸ்ட்’ என்று நானே பல பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பாதி தூரம்தான் அது கைகொடுக்கும். ‘படித்தான், படித்துக்கொண்டிருந்தான்’ என்ற இணை ஆங்கிலத்தோடு ஏறக்குறையப் பொருந்துகிறது. பொருந்தாத இடங்களில்தான் நாம் எல்லோரும் ஒரே மாதிரி விழுகிறோம்.

உட்கார்தல், நிற்றல், படுத்தல், உடுத்தல் ஆகியவற்றைப் பாருங்கள். ‘தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார்’ என்கிறோம். உட்காரும் செயல் முடிந்து, அதன் விளைவான நிலை தொடர்கிறது என்பதே அந்த ‘இரு’ சொல்லும் பொருள். ஆங்கிலம் அதே நிலையைத் தொடரும் செயலாகப் பார்க்கிறது: ‘ஹீ வாஸ் சிட்டிங்’. ‘உட்கார்ந்திருந்தார்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி ‘ஹீ ஹேட் சாட்’ என்று எழுதிய மாணவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் தமிழைக் கூர்ந்து படித்திருக்கிறார். ‘சிவப்புச் சேலை கட்டியிருந்தாள்’ என்பதும் அப்படியே ‘ஷீ வாஸ் வேரிங் எ ரெட் சாரி’ ஆகும். ‘ஷீ வோர்’ என்றால் அந்த நிகழ்ச்சிக்கு அவள் தேர்ந்தெடுத்து உடுத்தியது என்ற செய்தி. ‘ஷீ வாஸ் வேரிங்’ என்றால் நான் பார்த்த வேளையில் அவள் உடம்பில் இருந்தது.

எதிர்ப்பக்கத்திலும் இதே போன்ற சிக்கல் இருக்கிறது. ‘என்னிடம் ஒரு சைக்கிள் இருந்தது’, ‘சைக்கிள் வைத்திருந்தேன்’ என்பதில் வரும் ‘இரு’ நீடிப்பை உணர்த்துவதால் ‘ஐ வாஸ் ஹேவிங் எ சைக்கிள்’ என்று எழுதுகிறோம். ‘எனக்குத் தெரிந்திருந்தது’ என்பது ‘ஐ வாஸ் நோயிங்’ ஆகிறது. உடைமையும் அறிவும் ஆங்கிலத்துக்கு நிலைகள். நிலைக்கு உள்ளே போய் நடுவில் நிற்க இடமில்லை என்பதால் ‘ஐ ஹேட்’, ‘ஐ நியூ’ என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். ‘வீ வேர் ஹேவிங் லஞ்ச்’ மட்டும் சரி, ஏனென்றால் அங்கே ‘ஹேவ்’ உடைமை அன்று, சாப்பிடுதல்.

14 மார்ச் 2024

நேற்று விட்டுப்போனது: வழக்கம். ‘எங்கள் தாத்தா தினமும் விடியற்காலையில் ஆற்றுக்குப் போவார்’ என்று எப்போதோ மறைந்துவிட்டவரைப் பற்றிச் சொல்கிறோம். வடிவம் எதிர்காலம், பொருள் இறந்தகால வழக்கம். ஆங்கிலத்தில் எதிர்காலம் போட முடியாது என்று தெரிந்ததும் நம்மில் பலர் கண்டினியூஸுக்குப் போய்விடுகிறோம்: ‘ஹீ வாஸ் கோயிங் டு த ரிவர் டெய்லி’. அது நாள்தோறும் நடந்த பழக்கத்தைச் சொல்லாது. ‘ஹீ வென்ட்’, ‘ஹீ யூஸ்டு டு கோ’, ‘ஹீ வுட் கோ’ ஆகிய மூன்றும் சொல்லும். மூன்றாவது நம் ‘போவார்’ என்பதற்கு மிக நெருக்கம். எதிர்கால ‘வில்’ என்பதன் இறந்தகால வடிவமே ‘வுட்’ என்பதால் இரண்டு மொழிகளும் இந்த இடத்தில் ஒரே வழியைப் பிடித்திருக்கின்றன.

‘ஆல்வேஸ்’ சேர்ந்தால் கண்டினியூஸ் வரும், ஆனால் பெரும்பாலும் சலிப்போடு வரும். ‘ஹீ வாஸ் ஆல்வேஸ் ஆஸ்கிங் ஃபார் மனி’ என்றால் எப்போது பார்த்தாலும் பணம் கேட்டு நச்சரித்தார் என்ற தொனி. தாத்தாவைப் பற்றி அன்போடு எழுதும்போது தெரியாமல் இதைப் போட்டுவிடக் கூடாது.

17 மார்ச் 2024

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து, ‘கடந்தாள் என்பதிலும் நடந்தாள் என்பதிலும் ஒரே சிக்கலா’ என்று கேட்கிறார். நல்ல கேள்வி. இல்லை.

‘ஷீ வாஸ் வாக்கிங்’ உண்மை என்றால் ‘ஷீ வாக்டு’ என்பதும் உண்மை. பத்தடி நடந்தாலும் நடந்ததுதான். ‘ஷீ வாஸ் கிராஸிங் த ரோடு’ உண்மையாக இருந்தும் ‘ஷீ கிராஸ்டு த ரோடு’ பொய்யாகலாம். அரிஸ்டாட்டில் இதைக் கிரேக்க மொழியில் கவனித்தார்: பார்ப்பவர் பார்க்கும்போதே பார்த்தவரும் ஆகிவிடுகிறார், வீடு கட்டுபவர் கட்டும்போதே கட்டி முடித்தவர் ஆவதில்லை. 1957-இல் தத்துவ அறிஞர் ஸீனோ வெண்ட்லர் ஆங்கில வினைகளை நிலை, செயல்பாடு, இலக்கை அடையும் செயல், நொடியில் நிகழும் அடைவு என்ற நான்கு வகைகளாகப் பிரித்தார். சாலையைக் கடத்தல் மூன்றாவது வகை. அதற்கு ஒரு முடிவிடம் இருக்கிறது, அந்த முடிவிடத்தை அடையாமலேயே செயல் அறுந்துபோகவும் முடியும்.

இந்த வகை வினையில் தவறு செய்தால் செய்தியே மாறிவிடும். ‘த பாய் வாஸ் டிரவுனிங்’ என்றால் பையன் நீரில் மூழ்கிக்கொண்டிருந்தான், யாராவது குதித்துக் காப்பாற்றியிருக்கலாம். ‘த பாய் டிரவுண்டு’ என்றால் பையன் இறந்துவிட்டான். தமிழில் ‘மூழ்கினான்’ என்றால் அடுத்து ‘எழுந்தான்’ என்று வரவும் இடமுண்டு. குளத்தில் மூன்று முறை மூழ்கி எழுவது நம் வழக்கம். ஆங்கிலத்தின் ‘டிரவுண்டு’ எழுவதற்கு இடம் வைப்பதில்லை. நாளிதழ்ச் செய்தியை மொழிபெயர்ப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு மூச்சு நின்று யோசிக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

20 மார்ச் 2024

‘இந்த வேறுபாடு வெள்ளைக்காரன் மொழியில் மட்டும் எப்படி வந்தது’ என்ற கேள்விக்கு: அங்கேயும் இது ஒரே நாளில் வந்ததன்று. ‘வேட்டையின்மேல் இருந்தான்’ என்பதுபோல ‘ஆன்’ என்ற முன்னிடைச்சொல்லோடு செயற்பெயரைச் சேர்த்துச் சொல்லும் வழக்கு பழைய ஆங்கிலத்தில் உண்டு. அது ‘எ ஹண்டிங்’ என்று தேய்ந்தது, இன்றைய வடிவம் உருவானதில் அதற்கும் பங்குண்டு என்று கருதுவோர் உள்ளனர். ‘த ஹவுஸ் வாஸ் பீயிங் பில்ட்’ என்ற செயப்பாட்டுத் தொடர்வடிவம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது. அதுவரை ‘த ஹவுஸ் வாஸ் பில்டிங்’ என்றே எழுதினார்கள்.

நம் பக்கம் நன்னூல் நிகழ்கால இடைநிலைகளாக ஆநின்று, கின்று, கிறு என்ற மூன்றைச் சொல்கிறது. ‘உண்ணாநின்றான்’ என்றால் உண்கிறான். உண்ணாமல் நின்றான் என்று இன்றைய கண் தவறாகப் படிக்கும். அதற்குள் ‘நில்’ நிற்கிறது. இன்றைய ‘உண்டுகொண்டிருந்தான்’ என்பதற்குள் ‘இரு’ இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘வாஸ்’ என்பதும் இருத்தல்தான். செயலின் நடுவில் ஒருவரை நிறுத்திக் காட்ட இரண்டு மொழிகளுமே நிற்பதையும் இருப்பதையும் தேடிப் போயிருக்கின்றன. இதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

24 மார்ச் 2024

அம்மாவின் கடிதம் கடைசியில் எப்படி அமைந்தது என்று இருவர் கேட்டுவிட்டார்கள். நகல் என்னிடம் இருக்கிறது. நடுப்பகுதி மட்டும்:

‘மை மதர் வாஸ் கிராஸிங் த ரோடு ஃப்ரம் த டெம்பிள் சைட். த பஸ் கேம் ஃப்ரம் ஹெர் லெஃப்ட் அண்ட் ஹிட் ஹெர். ஷீ ஃபெல். டூ மென் ஹூ வேர் ஸ்டாண்டிங் அட் த டீ ஷாப் கேரீடு ஹெர் டு ஆன் ஆட்டோ.’

கடப்பதும் தேநீர்க் கடையில் நிற்பதும் சட்டகம். பேருந்து வந்தது, மோதியது, விழுந்தது, தூக்கிச் சென்றது ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக நடந்த படங்கள். ‘ஃபெல்’ என்ற இடத்தில் ‘வாஸ் ஃபாலிங்’ என்று எழுதியிருந்தால் அம்மா அந்தரத்திலேயே நின்றிருப்பார்.

ஒரு சொல்லில் மட்டும் எனக்கு இன்றும் தயக்கம். பேருந்து ‘கேம்’ என்று எழுதியது சரியா, ‘வாஸ் கம்மிங்’ என்று எழுதியிருக்க வேண்டுமா? ‘வாஸ் கம்மிங்’ என்றால் பேருந்து தூரத்திலேயே வந்துகொண்டிருந்தது, அம்மா அதைப் பார்த்திருக்கலாம் என்ற எண்ணம் படிப்பவருக்கு வரும். ‘கேம்’ என்றால் சட்டென்று வந்தது. ஆசிரியர் ‘கேம்’ என்று வைக்கச் சொன்னார், வைத்தேன். இந்த இழை தொடங்கிய பிறகு அம்மாவிடமே கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, “வந்துக்கிட்டிருந்ததாப்பா, வந்துச்சா, நான் பார்க்கவே இல்லையே” என்றார்.